மேல லயம் எந்தப் பக்கம்?

போன மாதம் தர்ஷினி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். கோலசிலாங்கூரில் நான் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் சொல்லிக்கொடுத்த இடைநிலைப் பள்ளியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். வந்ததும் வராததுமாகக் குறையை ஆரம்பித்தாள்.

“மேப் ரீடிங்னா யாருக்கும் இன்ட்ரஸ்டே இல்ல லா டீச்சர். ஃபோன்ல பின் அனுப்புனா போய்ச் சேந்துடலாம், அப்புறம் நார்த் எங்கன்னு நான் எதுக்குத் தெரிஞ்சுக்கணும்னு ஒருத்தன் கேக்குறான். நான் என்ன சொல்றது?”

முதலில் கேசரியைச் சாப்பிடு என்றேன். அந்தப் பையன் கேட்டதில் பெரிய தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆனால் வடக்கு எங்கே என்று தெரிந்த ஒரு பிள்ளையை, எல்லாம் தெரிந்த நான் படுத்திய பாடு ஒன்று உண்டு. அதை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, இதை எழுதிக் கொடுங்கள், புது டீச்சர்களுக்குக் காட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்குத் திருத்தித்தான் பழக்கம், எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன்.

நான் ரவாங்கில் வளர்ந்தவள். அப்பா தமிழ்ப்பள்ளி வாத்தியார். குழம்பில் உப்பில்லை என்றால் பேசாமல் சாப்பிடுவார், பேச்சில் ஒற்று விழுந்துவிட்டால் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திருத்துவார். பயிற்சிக் கல்லூரியில் கழிந்த வருடங்களில் எனக்கு நினைவிருப்பது விடுதியின் கருவாட்டுக் குழம்பும், மலாயில் பாடம் நடத்த நாக்கு புரளாமல் திண்டாடியதும்தான். முதல் வேலை கோலசிலாங்கூரில் என்று கடிதம் வந்தபோது ஊர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடினேன். புவியியல் டீச்சருக்கு அது அவ்வளவு பெருமையான தொடக்கம் அல்ல.

பள்ளியில் எங்கள் பாடத்துக்குத் தலைவர் சிக்கு ஹம்சா. மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு திசைகாட்டி இருக்கும். யார் வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் படிக்கமாட்டார். தாளை மேசையில் விரித்து, இரண்டு விரலால் மூலைகளை நீவிவிட்டு, “உத்தாரா மானா?” என்பார். வடக்கு எங்கே என்று அர்த்தம். வடக்குக் குறி இல்லாத வரைபடத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். குரல் உயராது, முகம் மாறாது. நான் சேர்ந்த முதல் வாரம் அவரிடம் கொடுத்த பாடக்குறிப்பில் ஒரு சின்ன வரைபடம் இருந்தது. அதை அவர் மடித்த மடிப்பு இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் உத்தாரா. நாங்களும் அவர் இல்லாதபோது அப்படித்தான் சொல்வோம்.

என் வகுப்பில் பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு, மலாயில் நடக்கும் இடைநிலைப் பள்ளிக்கு வந்து முழி பிதுங்கி நிற்பார்கள். வரைபடத்தில் ஓர் இடத்தை ஆறு இலக்க எண்ணால் குறிக்க வேண்டும். முதலில் கிழக்கு நோக்கிப் போகும் எண், பிறகு வடக்கு நோக்கி ஏறும் எண். பாதிப்பேர் மாற்றிப் போடுவார்கள். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சூத்திரம், முதலில் கூடத்தில் நட, பிறகு மாடிப்படி ஏறு என்பது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும், ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் மாடி ஏது? ஒரு நாள் வகுப்பில் எரிச்சல் தாங்காமல், “முதல்ல நெரையோரமா நட, அப்புறம் அண்ணாந்து குலையப் பாரு” என்றேன். எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களை வரிசையாக நட்டிருப்பதைத்தான் அங்கே நிரை என்பார்கள். ஒட்டுமொத்த வகுப்பும் சிரித்தது. அதற்குப் பிறகு எண்ணை மாற்றிப் போட்டவர்கள் குறைவு. சிக்கு ஹம்சா பின்னால் நின்று கேட்டுவிட்டு, என்ன சொன்னீர்கள் என்று மலாயில் விசாரித்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒருமுறை பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிச் சுங்கை பஞ்சாங்குக்கு அழைத்துப் போனோம். வழியெல்லாம் வயல். அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி வாய்க்கால்கள். நீர்ப்பாசனம் பற்றி நான் தொண்டை வறளச் சொல்லி முடித்ததும் ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டது, நெல் மரம் எங்கே இருக்கிறது என்று. நானும் சிரித்தேன். அதன் பாட்டன் பூட்டன் எல்லாரும் நாற்று நட்ட கையோடு கப்பலேறி வந்தவர்கள். மூன்று தலைமுறை ரப்பரும் செம்பனையும் பார்த்ததில் நெல் மரமாகிவிட்டது. வயலுக்குச் சொந்தக்காரரான மலாய்க்காரர் ஒரு பயிரைப் பிடுங்கி அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தார். அது அதை வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே வந்தது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. மழையில் பஸ் ஒழுகும், நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவோம்.

லோகேஸ்வரியை நான் சரியாகக் கவனித்தது இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் வருடமான மூன்றாம் படிவத்தில், உலக நாடுகளின் வளர்ச்சி பற்றிய பாடத்தில். புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் ஒரு தோட்டம், அங்கிருந்து வருகிறவள். பள்ளி பஸ் நிற்கும் இடம் வரைக்கும் சைக்கிள் மிதிப்பாள். வெள்ளைக் காலணியில் செம்மண் பட்டிருக்கும், கண்காணிக்கும் மாணவர் பிடிப்பதற்குள் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைவாள். நான் கரும்பலகையில் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் வளர்ந்த நாடுகள், மறுபக்கம் வளர்ந்துவரும் நாடுகள் என்று எழுதிக்கொண்டிருந்தேன். நம் நாடு எந்தப் பக்கம் என்று கேட்டேன். வளர்ந்துவரும் என்று எல்லாரும் சொன்னார்கள். லோகேஸ்வரி எழுந்தாள்.

“வளர்ந்துவரும்னா வந்துகிட்டே இருக்குமா டீச்சர்? எங்க தாத்தா காலத்துலேருந்து எங்க லயத்துக்குத் தண்ணிக் கொழா வந்துகிட்டே இருக்கு.”

வாயாடி என்று நினைத்தேன். ஆனால் அன்று மாலை வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அடுத்த வாரம் எல்லாரையும், உங்கள் இடத்துக்கு வந்து சேர்ந்தவை எவை, இன்னும் வராதவை எவை என்று பட்டியல் போடச் சொன்னேன். பாடநூலில் இல்லாத பாடம் அது. அவள் போட்ட பட்டியல்தான் வகுப்பிலேயே நீளம்.

மூன்றாம் படிவத்தில் ஒவ்வொருவரும் தன் வசிப்பிடத்தைப் பற்றி ஒரு களஆய்வு செய்து அறிக்கை தரவேண்டும். மதிப்பெண் தேர்ச்சியோடு சேரும். நான் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். நூறு மீட்டருக்குத் தன் காலடி எத்தனை என்று மூன்றுமுறை நடந்து எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும். வரைபடத்தில் வீடு, குழாய், கடை, கோயில், வடிகால் எல்லாம் இருக்க வேண்டும். இடத்தின் பெயரை அங்கே இருக்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. முதலில் பென்சில் பிரதி, நான் திருத்திய பிறகு மை.

அந்த ஆண்டு லோகேஸ்வரிக்கு அந்த அறிக்கை வெறும் மதிப்பெண் சமாசாரமாக இருக்கவில்லை. அவர்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். ஆண்டு முடிவில் லயத்தைக் காலிசெய்ய வேண்டும். அப்பாவுக்குப் புக்கிட் பெருந்துங்கில் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்து, அங்கே சொந்தக்காரர் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொள்வதாக ஏற்பாடு. விடுதியுள்ள பள்ளி ஒன்றில் நான்காம் படிவத்துக்கு அவள் மனுப்போட்டிருந்தாள். கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் அவளும் அப்பாவோடு ஃபேக்டரிக்குப் போகட்டும் என்று வீட்டில் பேச்சு. இதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள், ஏதோ வானிலை அறிக்கை வாசிப்பது மாதிரி.

அவள் பென்சில் பிரதியைக் கொண்டு வந்தாள். சுத்தமான வேலை. இரண்டு வரிசை லயம், நடுவில் பாதை. வலப்பக்கம் இருந்த வரிசைக்கு மேல லயம் என்றும் இடப்பக்கம் இருந்ததற்குக் கீழ லயம் என்றும் உரோமன் எழுத்தில் எழுதியிருந்தாள். வடக்குக் குறி தாளின் தலைப்பக்கம் பார்த்தது. எனக்குச் சுருக்கென்றது. வடக்கு மேலே இருந்தால் வலப்பக்கம் கிழக்கு. மேல லயம் எப்படிக் கிழக்கே இருக்கும்? மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேலவீதி, கீழவீதி, மேலைக்கடல், கீழைக்கடல் என்று அப்பா எனக்கு ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்தது. பிள்ளை தாளைத் தலைகீழாகப் பிடித்து வரைந்திருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன்.

அவள் ஏதோ சொல்ல வந்தாள். “இல்ல டீச்சர், மேல லயம் வந்து அந்தப் பக்கந்தான்...”

“மேலன்னா மேற்கு. தமிழ்ப்பள்ளியில இதக்கூடவா சொல்லித் தரல?”

சரி டீச்சர் என்று தாளை வாங்கிக்கொண்டாள். அதற்குள் சிவப்பு மையில் அம்புக்குறிக்கு மேல் ஒரு பெருக்கல் குறியும், ‘திசை தலைகீழ், முழுவதும் திருப்பி வரைக’ என்ற வாசகமும் எழுதி முடித்திருந்தேன். அடுத்த வாரம் முழு வரைபடத்தையும் நூற்றெண்பது பாகை சுழற்றி, மையில் வரைந்து கொண்டுவந்தாள். கோடு ஒன்றும் பிசகவில்லை. நல்ல மதிப்பெண் போட்டேன்.

சிக்கு ஹம்சாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வகுப்புக்கு மூன்று அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் அந்தந்த இடத்துக்கே போய்ச் சரிபார்ப்பார். அந்த முறை லோகேஸ்வரியுடையது அவர் கையில் அகப்பட்டது.

திங்கட்கிழமை எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வரைபடம் மேசையில் விரிந்திருந்தது. அதன்மேல் திசைகாட்டி. அவர் சொன்னது ரொம்ப எளிமையாக இருந்தது. இந்த வரைபடத்தில் எல்லாம் இருக்கிறது, எல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குத் தன் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாமல் இருக்காது. ஆகவே இதை வரைந்தது அந்த இடத்தைப் பார்க்காத வேறு யாரோ. வேறு யாரோ வரைந்த அறிக்கைக்குப் பூஜ்யம்தான் போடமுடியும். பூஜ்யம் போட்டால் பாடத்தில் தேர்ச்சி இல்லை. விடுதிப் பள்ளியைப் பற்றி அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

லோகேஸ்வரி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, நான்தான் வரைந்தேன், நான்தான் தப்பாக வரைந்துவிட்டேன் என்று மலாயில் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். வேறு யாரோ என்று அவர் சொன்னபோதே, அது நான்தான் என்று எனக்கு உறைத்துவிட்டது. என்ன தப்பு நடந்தது என்பது மட்டும் புரியவில்லை. இத்தனை வருடம் அந்த மனிதர் முன்னால் பிழையில்லாமல் நின்ற எனக்கு, அவர் விரல் என் வரைபடத்தை இன்னொருமுறை மடிப்பதைப் பார்க்க மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் பட்டியல் போகவேண்டும், அதற்குள் யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் எங்களை அனுப்பிவிட்டார். லோகேஸ்வரி வகுப்புக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் காரை எடுத்துக்கொண்டு அவர்கள் தோட்டத்துக்குப் போனேன். லோகேஸ்வரி தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். அவள் அம்மா காட்டு வேலை முடிந்து அப்போதுதான் குளித்துவிட்டு நின்றிருந்தார். டீச்சர் வந்துவிட்டார் என்று பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், கோப்பி கலக்கினார். பள்ளியில் நடந்த எதுவும் அவருக்குத் தெரியவில்லை. மகள் சொல்லவே இல்லை.

நான் வாசலில் நின்று பார்த்தேன். மேல லயம் மேட்டில் இருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, கோயில். கீழ லயம் வடிகாலை ஒட்டித் தாழ்வில் இருந்தது. மாலை வெயில் கீழ லயத்துக் கூரைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பையில் கொண்டுபோயிருந்த திசைகாட்டியை வெளியே எடுக்கவே தேவையிருக்கவில்லை. இருந்தும் எடுத்துப் பார்த்தேன். அம்மாவிடம், அதை ஏன் மேல லயம் என்கிறீர்கள் என்று கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“மேட்டுல இருக்கே டீச்சர், அதான் மேல. வெள்ளம் வந்தா புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு மேல ஓடுவோம். மேற்கால ஓடுனா கடல்லதான விழணும்.”

அவ்வளவுதான் விஷயம். தமிழ்நாட்டில் மலை மேற்கே, கடல் கிழக்கே. அதனால் அங்கே உயரமும் மேல்தான், மேற்கும் மேல்தான். எங்கள் கடல் மேற்கே இருக்கிறது. கப்பலில் வந்தவர்கள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து, மேட்டை மட்டும் வைத்துக்கொண்டு மேற்கை விட்டுவிட்டார்கள். காலடியில் இருந்த நிலத்தைப் பார்த்து அவர்கள் செய்த காரியம் அது. நான் அப்பாவின் இலக்கணத்தைப் பார்த்தேன். ஏட்டுச் சுரைக்காய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள், அதை வைத்தே கறி சமைத்திருக்கிறேன். தமிழ் தெரியாத ஒரு டீச்சர் அந்தத் தவறைச் செய்திருக்கவே முடியாது.

பென்சில் பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். டீச்சர் கைப்படத் திருத்திக் கொடுத்த தாளாம், பத்திரமாக வைக்கச் சொன்னாள் என்றார். என் சிவப்புப் பெருக்கல் குறி உறைக்குள் பளிச்சென்று தெரிந்தது. கோப்பியைக் குடித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

புதன்கிழமை காலை மணியடிப்பதற்கு முன்பே சிக்கு ஹம்சாவின் அறையில் அந்தத் தாளை வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். திங்கட்கிழமை பேசாமல் நின்றதையும் சொன்னேன். அவர் மூலைகளை நீவிவிட்டு வெகுநேரம் பார்த்தார். நான் மடிப்புக்காகக் காத்திருந்தேன். அவர் மடிக்கவில்லை. மலாய்க் கிராமமான எங்கள் கம்பத்திலும் ஆற்றின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்றுதான் வழி சொல்வோம், யாரும் கிழக்கு மேற்கு சொல்வதில்லை என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். தவறு யாருடையது, எப்படி நேர்ந்தது என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், ஒரு பிரதி அறிக்கையோடும் ஒரு பிரதி என் கோப்பிலும் இருக்கும். எழுதினேன். பென்சில் பிரதிக்கு அவரே பச்சை மையில் மதிப்பெண் போட்டார். நான் போட்டதைவிட மூன்று கூடுதல்.

எழுந்து கதவருகே போனதும் கூப்பிட்டார். திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம், அந்தப் பிள்ளை இரண்டு நாள் தூங்கியிருக்கும் என்றார். அதைவிடக் கடுமையாக அவர் யாரையும் பேசி நான் கேட்டதில்லை.

இடம் கிடைத்ததாக விடுதிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. தேர்வு முடிவும் வந்த பிறகு, சான்றிதழ் வாங்க லோகேஸ்வரி பள்ளிக்கு வந்தாள். லயத்தில் பாதி அதற்குள் இடிபட்டிருந்தது. பஸ்ஸுக்காகப் பள்ளி வாசலில் நின்றவளோடு நானும் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“டீச்சர், அன்னிக்கு நான் சொல்ல வந்தேனே. நீங்க ஏன் டீச்சர் கேக்கல?”

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“எனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா.”

அவள் தலையாட்டினாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்ததும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நானும் அப்படித்தான் டீச்சர் நெனச்சேன். மறுநாள் காலைல வாசல்ல நின்னு பாத்தேன். சூரியன் மேல லயத்துக்குப் பின்னாலதான் வந்துச்சு. அப்பவும், டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாத்தி வரஞ்சுட்டேன்.”

பஸ் வந்து நின்றது. போய்ட்டு வர்றேன் டீச்சர் என்று ஏறிக்கொண்டாள். முப்பது வருட வேலையில் எத்தனையோ பிள்ளைகள் எனக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பயப்பட வைத்தது அந்த ஒன்றுதான்.